சென்னை வீட்டு மண்ணில் பழமரம்: காரத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

எலுமிச்சை வைத்து இரண்டு வருடம் ஆகியும் இடுப்பளவுக்கு மேல் ஏறவில்லை. புதுத் துளிர் வெளிறிய மஞ்சளாக வருகிறது, அதில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் தெரிகின்றன. உரக்கடையில் கேட்டால் சத்துக் குறைவு என்று யூரியாவோ டிஏபியோ கட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் சத்து மண்ணிலேயே இருக்கிறது. மண்ணின் கார அமில அளவான பிஎச் 7.5-ஐத் தாண்டியதும் இரும்பு வேர் உறிஞ்ச முடியாத துருவாக மாறிவிடுகிறது. துத்தநாகம், மாங்கனீசு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆகியவற்றின் கதியும் ஏறக்குறைய அதுதான். அந்த நிலையில் மணிச்சத்து நிறைந்த டிஏபி போடப் போட, இரும்பும் துத்தநாகமும் மரத்துக்கு இன்னும் கிடைக்காமல் போகும்.

முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். நுனித் துளிர் மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புக் குறை. துளிர் இலைகள் சிறுத்து, குறுகி, நெருக்கமாகக் கொத்தாக வந்தால் துத்தநாகம். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுவதும் மஞ்சளானால் அது தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. இலை நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் பழுப்பானால் அது உப்பு. இந்தக் கடைசி இரண்டுக்கும் கந்தகம் வாங்கிக் கொட்டிப் பயனில்லை.

காரம் எங்கிருந்து வருகிறது

சென்னை வீடுகளில் காரத்துக்கு முதல் காரணம் வீடுதான். மனையை உயர்த்த இடிபாட்டுக் கழிவை லோடு லோடாகக் கொட்டி, மேலே ஓரடி செம்மண் பரப்பியிருப்பார்கள். காம்பவுண்டுச் சுவர் ஓரமும், கொத்தனார் கலவை போட்ட இடமும் சிமெண்ட் பாலைக் குடித்து இறுகியிருக்கும். மரம் வைக்க நாம் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அந்தச் சுவர் ஓரம்தான்.

திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம் போன்ற கடலோர மணலில் கிளிஞ்சல் துண்டுகள் கலந்திருக்கும். அவை அத்தனையும் சுண்ணாம்பு. தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், கொளத்தூர் பக்கம் களிமண் அதிகம். தண்ணீர் வடியாத களியில் வேர் விடும் கரியமில வாயு வெளியேற வழியின்றி, மண்ணிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. நவம்பர் மழை முடிந்ததும் எலுமிச்சை திடீரென மஞ்சளாவது இதனால்தான். மழை சத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று உரத்தைக் கூட்டாதீர்கள். வடிகாலைப் பாருங்கள்.

எல்லா இடத்துக்கும் பொதுவான காரணம் போர் தண்ணீர். வாளியின் அடியில், குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பைத்தான் நாள்தோறும் மரத்தடியிலும் ஊற்றுகிறோம். மண்ணை எவ்வளவு திருத்தினாலும் தண்ணீரைக் கவனிக்காவிட்டால் இரண்டே கோடையில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மண்ணைச் சோதிப்பது

மண்வெட்டியால் ‘வி’ வடிவில் வெட்டி, பக்கவாட்டிலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை ஒரு சீரான பட்டை எடுங்கள். மர வேர் இறங்குவதால், 30 முதல் 60 செ.மீ. ஆழ மண்ணைத் தனியாக எடுப்பதும் அவசியம். இடிபாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நாலைந்து இடங்களில் எடுத்து, ஆழவாரியாகக் கலந்து, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச் சோதனை: ஒரு கரண்டி உலர்ந்த மண்ணில் வெள்ளை வினிகர் சில சொட்டு விடுங்கள். காதருகே வைத்தால் மெல்லிய சீறல், கண்ணால் பார்த்தால் நுரை. நுரை பொங்கினால் மண்ணில் தனிச் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் சுண்ணாம்பு இல்லை, அல்லது மிகக் குறைவு. கழிப்பறை ஆசிடை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வினிகரே போதும்.

கட்டிச் சோதனை: பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியை ஒரு கண்ணாடி டம்ளர் மழைநீரிலோ ஏசி தண்ணீரிலோ மெல்ல விட்டு, கலக்காமல் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் சோடியம் ஏறிய களர் மண். உடைந்து விழுந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் களர் இல்லை. மணலுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பிஎச்: 20 கிராம் மண், 50 மி.லி. மழைநீர். அரைமணி நேரம் அவ்வப்போது கலக்கி, பிறகு பேனா வடிவ மீட்டரை விட்டுப் பாருங்கள். அளக்குமுன் பிஎச் 7 மற்றும் 9.2 என்று அளவு குறித்து விற்கும் பஃபர் கரைசலில் மீட்டரைச் சரிசெய்யவேண்டும். மண்ணில் குத்திப் பார்க்கும் இரண்டு ஊசி மீட்டர்களை நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் எதில் குத்தினாலும் ஏறக்குறைய 7 என்றுதான் காட்டும்.

வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்துக்கு அரைக் கிலோ மண் கொடுப்பதானால் கார அமில நிலை, மின் கடத்துதிறன், சுண்ணாம்பு நிலை, அங்ககக் கரிமம் ஆகிய நான்கையும் கேட்டு வாங்குங்கள். பிஎச் மட்டும் தெரிந்தால் பாதி விவரம்தான். 8.2 பிஎச் காட்டும் இரண்டு மண்களுக்கு வைத்தியம் நேர்மாறாக இருக்கலாம்.

எந்த மண்ணுக்கு எது

நுரை இல்லை, பிஎச் 7.5 முதல் 8.2 வரை: இதுதான் எளிதாகத் திருந்தும் மண். 8-லிருந்து 6.5-க்குக் கொண்டுவர, மேல் 15 செ.மீ. மண்ணில் ஒரு சதுர மீட்டருக்கு மணலுக்குச் சுமார் 135 கிராம், மணலும் களியும் கலந்த இருமண்ணுக்கு 170 கிராம், களிக்கு 225 கிராம் கந்தகம் வேண்டும். ஒரே முறையில் 100 கிராமுக்கு மேல் போடவேண்டாம். மீதியை மூன்று மாதம் கழித்துப் போடுங்கள்.

பிஎச் 8.5-க்கு மேல், கட்டி கலங்குகிறது: இது களர். மழை பெய்தால் குட்டையாக நிற்கும், காய்ந்தால் கடப்பாரை இறங்காது. இங்கே வேண்டியது ஜிப்சம். சதுர மீட்டருக்கு 1 கிலோ ஜிப்சத்தை மேல் 15 செ.மீ. மண்ணில் கொத்திக் கலக்குங்கள். ஜிப்சத்தின் கால்சியம் மண்ணோடு ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு கீழே இறங்கி வெளியேறவேண்டும். அதனால் ஒரு பக்கம் வடிகால் வாய்க்கால் வெட்டி, செப்டம்பர் கடைசியில் போட்டு, வடகிழக்குப் பருவமழையைக் கழுவ விடுவதுதான் சிக்கனமான வழி. வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண்செலவு.

பலரும் செய்யும் தவறு, எந்தக் கார மண்ணானாலும் ஜிப்சம் போடுவது. சுண்ணாம்பு மண்ணில் ஏற்கனவே கால்சியம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஜிப்சம் அங்கே பிஎச்சைக் குறைக்காது.

வினிகரில் நுரை பொங்குகிறது: சென்னை மனைகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான். இதில் கந்தகத்தை நம்புமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 220 கிலோ. அதில் 1 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 2.2 கிலோ. 1 கிலோ சுண்ணாம்பைக் கரைக்க 320 கிராம் கந்தகம் வேண்டும். ஆக, சதுர மீட்டருக்கு 700 கிராம். 5 சதவீதம் சுண்ணாம்பு இருந்தால் 3.5 கிலோ. அத்தனை சுண்ணாம்பும் கரையும்வரை பிஎச் அசையாது. கரைந்தாலும் அது மேல் 15 செ.மீ. மட்டும்தான். அத்தனை கந்தகத்தைக் கொட்டினால் உண்டாகும் உப்பே மரத்தை வாட்டும். எனவே சுண்ணாம்பு மண்ணில் தோட்டம் முழுவதையும் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். வேரில் ஒரு பகுதிக்கு மட்டும் நல்ல மண் கிடைத்தால் போதும். தனக்கு வேண்டிய இரும்பை மரம் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்.

கந்தகம் போடும் விதம்

கந்தகம் தானாக அமிலமாவதில்லை. மண்ணிலுள்ள தயோபாசில்லஸ் வகை பாக்டீரியாக்கள்தான் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அவற்றுக்குச் சூடு, ஈரம், காற்று மூன்றும் வேண்டும். சென்னையில் சூட்டுக்குக் குறைவில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் போட்டால் மாலை மழையின் ஈரமும் சேரும். இரண்டு மூன்று மாதத்தில் வேலை முடியும். அக்டோபரில் போட்டால் நீர் தேங்கிய மண்ணில் காற்று இருக்காது, வேலையும் நடக்காது. நீர் நிற்கும் இடத்தில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மண்ணில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு உண்டாகிறது என்று பொருள். உடனே நீரை வடிக்கவேண்டும்.

உரக்கடையில் ‘சல்பர்’ என்று மட்டும் கேட்டால் 80 சதவீத நனையும் கந்தகத்தைத் தருவார்கள். அது சாம்பல் நோய்க்குத் தெளிக்கும் மருந்து, விலையும் அதிகம். மண்ணுக்கு வேண்டியது 90 சதவீத பெண்டோனைட் கந்தகக் குருணை. பருப்புபோல் இருக்கும் குருணை, ஈரம் பட்டதும் உப்பி உடைந்து பொடியாகும். மேலாகத் தூவிவிட்டுப் போகாமல் கொத்திக் கலக்கவேண்டும். பொடிக் கந்தகம் என்றால் முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். அருகில் நெருப்புக் கூடாது.

புதுக் கன்றுக்கு: குழியை விட மேடு நல்லது

மூன்றடிக் குழி வெட்டி, பழைய மண்ணை எறிந்துவிட்டு, முழுக்கச் செம்மண்ணும் எருவும் நிரப்புவது வழக்கம். களிமண்ணில் இது தொட்டியாகிவிடும். சுற்றிலும் நீர் இறங்காது, மழைக்குக் குழி நிரம்பி வேர் அழுகும். நாலைந்து வருடத்தில் வேர் குழியின் ஓரத்தைத் தொட்டதும் பழைய மஞ்சள் திரும்பும்.

இப்படிச் செய்யுங்கள். சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். 1 மீட்டர் அகலத்தில், 60 செ.மீ. ஆழம் தோண்டி, செங்கல், சிமெண்ட் காரை, டைல்ஸ் துண்டு எதுவும் மிஞ்சாமல் பொறுக்கி வெளியே போடுங்கள். இது சலிப்பான வேலைதான், ஆனால் எந்த மருந்தை விடவும் அதிகப் பலன் தருவது. குழியின் பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் கீறிவிடுங்கள். தோண்டிய மண்ணில் பாதியை வைத்துக்கொண்டு, அதே அளவு செம்மண் சேருங்கள். லாரியிலிருந்து செம்மண்ணை இறக்குமுன் வினிகர் விட்டுப் பாருங்கள். நிறம் சிவப்பாக இருப்பதாலேயே அதில் சுண்ணாம்பு இல்லை என்று ஆகிவிடாது.

இந்தக் கலவையோடு 20 கிலோ மட்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 100 கிராம் கந்தகக் குருணை சேர்த்துக் கலந்து, தரைக்கு மேல் 30 முதல் 45 செ.மீ. உயரமுள்ள மேடாகக் குவியுங்கள். வேளச்சேரி, முடிச்சூர் போல வெள்ளம் நிற்கும் பகுதியில் 60 செ.மீ. ஆனாலும் தவறில்லை. தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால், நல்ல தண்ணீரில் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்கவேண்டும். பச்சையாகப் போட்டால் அதன் உப்பே கன்றைக் கெடுக்கும்.

மே மாதம் மேடு தயாரானால் உடனே நடவேண்டாம். ஜூனில் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு விதையைச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தூவி, 45 நாளில் பூக்கும் தருணத்தில் வெட்டி அங்கேயே கொத்திக் கலந்துவிடுங்கள். களர் நிலத்திலும் முளைக்கும் பயிர் அது. அழுகும்போது வரும் அமிலங்கள் கந்தகத்துக்குத் துணை செய்யும். ஆவணியில் நட்டால், பெருமழைக்கு முன் வேர் பிடிக்க ஆறு வாரமாவது கிடைக்கும்.

ஏற்கனவே நிற்கும் மரத்துக்கு

கிளை விரிந்த எல்லையின் நிழல் வட்டத்தில், 60 செ.மீ. இடைவெளியில், 10 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள துளைகள் போடுங்கள். 2 மீட்டர் விரிந்த மரத்துக்குப் பத்துத் துளை வரும். இந்த வருடம் ஒன்றுவிட்டு ஒன்றாக ஐந்து, அடுத்த வருடம் மீதி ஐந்து. ஒவ்வொன்றிலும் 2 லிட்டர் மட்கிய எரு, 50 கிராம் கந்தகம், 25 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து நிரப்பி நீர் விடுங்கள். எருவோடு சேர்ந்த இரும்பு, வெறும் மண்ணில் போட்ட இரும்பைப்போல் சட்டென்று துருவாவதில்லை. அன்னபேதியை மண்மேல் தூவினால் சில நாளில் செங்காவி நிறத்துக்கு மாறிவிடும். அது பிறகு மரத்துக்கு உதவாது.

வாங்கும்போதே அன்னபேதியைப் பார்த்து வாங்குங்கள். இளம்பச்சைப் படிகமாக இருந்தால் நல்லது. மஞ்சள் கலந்த பழுப்புப் பொடியாகியிருந்தால் வேண்டாம்.

அவசரத்துக்கு, இரும்பைத் துருவாகாமல் பிடித்துவைக்கும் இரும்புச் செலேட் உண்டு, ஆனால் வகை பார்க்கவேண்டும். கடைகளில் அதிகம் கிடைக்கும் இடிடிஏ (EDTA) வகை பிஎச் 6.5-க்கு மேல் மண்ணில் தாங்காது. டிடிபிஏ (DTPA) 7.5 வரை. சுண்ணாம்பு மண்ணில் பிஎச் 9 வரை நிற்பது இடிடிஎச்ஏ (EDDHA) வகை. அது அடர்ந்த சிவப்புப் பொடி, 6 சதவீத இரும்பு. இளம் மரத்துக்கு 10 முதல் 20 கிராம், வளர்ந்ததற்கு 50 கிராம் நீரில் கரைத்து, மாலையில் வேர்ப்பகுதியில் ஊற்றி, மேலே இன்னொரு வாளி தண்ணீர் விடுங்கள். வெயில் பட்டால் சிதையும்.

தழைச்சத்துக்கு யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போடுங்கள். அது மண்ணை மெல்ல அமிலப் பக்கம் இழுக்கும். கன்றுக்கு 50 கிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கார மண்ணில் மேலே தூவினால் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். கொத்தி மூடி உடனே நீர் விடவேண்டும்.

இலைவழித் தெளிப்பு

மண் திருந்தும்வரை மரத்தைத் தாங்குவது இதுதான். ஒரு லிட்டர் ஏசி தண்ணீரிலோ மழைநீரிலோ முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் அன்னபேதி, கடைசியில் சில சொட்டு ஒட்டும் திரவம். போர் தண்ணீரில் கரைத்தால் சற்று நேரத்தில் தேநீர் நிறமாகும். அப்படி ஆனதைத் தெளித்துப் பயனில்லை. மாலை நாலரை மணிக்கு மேல், பாதி விரிந்த துளிர்களின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. முதல் நாள் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, மறுநாள் கருகலில்லை என்று பார்த்தபின் மீதிக்கு. வெள்ளைச் சுவரிலும் தரை டைல்ஸிலும் பட்டால் துருக்கறை எளிதில் போகாது. பழைய சாக்கை விரித்துக்கொள்ளுங்கள்.

இலைக்குள் போன இரும்பு அடுத்த இலைக்கு நகராது. அதனால் ஒவ்வொரு துளிர்ப்பருவத்துக்கும் திரும்பத் தெளிக்கவேண்டும். துத்தநாகத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும், 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பின் தெளிந்த நீரும். இதை வேறு நாளில் தெளியுங்கள்.

தண்ணீர்

டிடிஎஸ் மீட்டர் உப்பைக் காட்டும், காரத்தைக் காட்டாது. கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் கிடைக்கும் ‘கேஎச்’ (நீரிலுள்ள பைகார்பனேட் அளவு) சொட்டுச் சோதனைக் குப்பி இதற்கு உகந்தது. எத்தனை சொட்டில் நிறம் மாறுகிறதோ அத்தனை டிகிரி. 4 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 10-ஐத் தாண்டினால் தண்ணீருக்கும் வைத்தியம் வேண்டும்.

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமே போதும். ஒரு டிகிரிக்கு, 10 லிட்டருக்குச் சுமார் கால் கிராம். 14 டிகிரி என்றால் ஒரு பத்து லிட்டர் வாளிக்கு 3.5 கிராம். பிஎச் தாள் 6 முதல் 6.5 காட்டினால் சரி. அதற்குக் கீழே இறக்கவேண்டாம். மண்ணில் சிட்ரிக் அமிலம் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் இது மண்ணைத் திருத்தாது. புதுச் சுண்ணாம்பு சேராமல் தடுக்கும், அவ்வளவுதான்.

ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரை மரத்துக்கு விடாதீர்கள். போர் தண்ணீரின் உப்பும் காரமும் அதில் கூடுதலாகச் செறிந்திருக்கும். ஏசி தண்ணீர் நேர்மாறு: உப்பே இல்லாதது, மருந்து கலக்க அருமையானது. மொட்டைமாடி மழைநீர்க் குழாயில் ஒரு கிளை பிரித்து மரத்தடிக்கு விட்டால், கோடையில் சேர்ந்த உப்பைப் பருவமழையே கழுவிக்கொடுக்கும். வடிகால் இருந்தால் மட்டும்.

போடக்கூடாதவை

முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல், மரத்தடிச் சுண்ணாம்பு: மூன்றும் காரத்தைக் கூட்டுபவை. எந்தச் செடிக்கும் நல்லது என்று சொல்லப்படும் முட்டை ஓடு இங்கே வேண்டவே வேண்டாம். எலும்புத் தூள் கெடுதல் செய்யாது, ஆனால் பிஎச் 7-க்கு மேல் கரையாது. ஃபில்டரில் மிஞ்சும் காபிச் சக்கையை அமிலம் என்று நம்பிப் போடுகிறார்கள். அமிலம் டிகாஷனோடு போய்விடுகிறது. சக்கை நல்ல மட்குப் பொருள், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

மரத்தடியில் 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு உலர்ந்த இலைகளை மூடாக்காக இடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் விலகியிருக்கவேண்டும். மூடாக்கு இருந்தால் நீராவிப் போக்கு குறையும், அடியிலிருந்து உப்பு மேலேறி வெள்ளை பூப்பதும் குறையும். வீட்டு வாசலில் கூட்டித் தள்ளும் வேப்பிலை, பூவரசு இலையே போதும்.

எந்த மரம்

நெல்லி, இலந்தை, நாவல் ஆகியவை கடுமையான கார மண்ணையும் தாங்கும். கொய்யா, சப்போட்டா, மாதுளை, சீதா, அத்தி பிஎச் 8 அளவுக்கு அதிகம் சிணுங்காது. மா நடுத்தரம், உப்புத் தண்ணீர்தான் அதற்கு எதிரி. எலுமிச்சை, சாத்துக்குடிக்கு மேடும் துளைகளும் கட்டாயம். ஒட்டுக்கன்று வாங்கும்போது வேர்ச்செடி (ஒட்டின் அடியில் வேரோடு இருக்கும் செடி) ரங்பூர் எலுமிச்சையா என்று கேளுங்கள். சுண்ணாம்பைத் தாங்கும். ட்ரைஃபோலியேட் ஆரஞ்சு வேர்ச்செடி என்றால் வேண்டாம். நுரை பொங்கும் மண்ணில் எலுமிச்சைதான் வேண்டும் என்றால் 100 லிட்டர் டிரம்மில் வைப்பது செலவும் குறைவு, தலைவலியும் குறைவு. வெண்ணெய்ப்பழம் இந்த மண்ணில் வேண்டாம்.

கந்தகம் போட்டதன் பலனைப் பொங்கலுக்குப் பிறகு, மண் சற்று உலர்ந்ததும் அளந்து பாருங்கள். நுரை வராத மண்ணில் பிஎச் 7.5-க்குள் வந்திருந்தால் அந்த வருடம் கந்தகம் வேண்டாம், எருவும் மூடாக்கும் போதும். நுரை வரும் மண்ணில் தோட்டத்து மண்ணின் பிஎச்சை அளந்து மனம் தளரவேண்டாம். துளையில் நிரப்பிய கலவையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அளந்து பாருங்கள். அது 7.2-க்கு மேல் ஏறியிருந்தால் அடுத்த ஜூனில் அந்தத் துளைகளை மட்டும் புதுப்பியுங்கள்.